ராஜா ராணியான கதை: ஹௌதூ கோயில் பயணம்

முதல் நாள், 2025 ஏப்ரல் 15, பெய்ஜிங்

பினாங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு மளிகைக் கடை இருந்தது. சீனக் குடும்பம். கடைக்குள் நுழைந்தால் வலப்பக்கம், தரையோடு தரையாக ஒரு சிவப்புக் கூடு. உள்ளே தங்க எழுத்து, இரண்டு சிவப்பு பல்பு, சின்னக் கோப்பைகளில் தேநீர். நம் வீட்டில் சாமி என்றால் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் இருக்கும். இவர்கள் ஏன் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், கால் படுகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சின்ன வயதில் ஒரே குழப்பம். கடைக்காரர் மகளிடம் கேட்டேன். "அது நிலத்துச் சாமி. நிலத்துலதான இருக்கும்" என்று என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது போதுமான பதில்தான்.

அந்த மகள்தான் இப்போது பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் 53 வயது. மலேசியக் கடவுச்சீட்டுக்குச் சீனா விசா கேட்பதில்லை என்றதும், வெகுநாள் பேச்சு ஒன்று உண்மையாகிவிட்டது. மொழி அவள் பொறுப்பு, பயணத் திட்டம் என் பொறுப்பு.

சீன நாட்டுப்புற வழிபாட்டில் நிலத்துக்கு ஒரு நிர்வாகமே உண்டு. வீட்டுக்கு ஒரு நிலச்சாமி. ஊருக்கு ஒரு தூதிகோங், வெள்ளைத் தாடித் தாத்தா. நகரத்துக்கு மதில் காக்கும் தெய்வம். இவர்கள் எல்லாருக்கும் மேலே, மொத்த மண்ணுக்கும் உடையவளாக ஹௌதூ. அவளுடைய மூலக் கோயில் ஷான்சி மாகாணத்தில் மஞ்சள் ஆற்றங்கரையில் இருக்கிறது. சந்திர நாள்காட்டியில் மூன்றாம் மாதம் 18ஆம் நாள் அவள் பிறந்தநாள். வரும் வெள்ளிக்கிழமை திருவிழாக் கூட்டத்தில் நாங்கள் நிற்கும்படி எல்லாம் முன்பதிவு செய்தாயிற்று.

அதற்கு முன் பெய்ஜிங்கில் இரண்டு பீடங்கள் பார்க்க வேண்டியிருந்தது. காலையில் அரண்மனைக்குப் பக்கத்திலுள்ள சோங்ஷான் பூங்கா. 1420இல் கட்டிய ஷ-ஜி பீடம் அங்கே இருக்கிறது. 'ஷ' என்றால் நிலத் தெய்வம், 'ஜி' என்றால் தினை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பழைய சீனத்தில் அரசு, நாடு என்று பொருள். மண்ணும் தானியமும் இருந்தால் நாடு, இல்லாவிட்டால் இல்லை. சமூகம் என்பதற்கு இன்று சீனர்கள் சொல்லும் வார்த்தையிலும் முதல் எழுத்து இந்த 'ஷ'தான். நிலத் தெய்வத்தைக் கும்பிட ஊர் கூடும் கூட்டம் என்பதே அந்தச் சொல்லின் பழைய பொருள் என்று தோழி சொன்னாள். பள்ளியில் படித்தாளாம். எனக்கு இந்த ஒரு விஷயத்துக்கே விமான டிக்கெட் காசு கழிந்துவிட்டது.

பீடத்தின் மேல் ஐந்து நிற மண்ணைக் கட்டம் கட்டமாகப் பரப்பியிருக்கிறார்கள். கிழக்கே நீலப்பச்சை, தெற்கே சிவப்பு, மேற்கே வெள்ளை, வடக்கே கறுப்பு, நடுவில் மஞ்சள். நான்கு திசை நிலமும் பேரரசருக்குச் சொந்தம் என்று காட்டுகிற ரங்கோலி. ஒரு தாத்தா அதற்குப் பக்கத்திலேயே கைகளை வீசி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

மதியம் தீதான், அதாவது நிலத்தின் பீடம். 1530இல் ஜியாஜிங் பேரரசர் கட்டியது. அதுவரை வானத்துக்கும் நிலத்துக்கும் ஒரே இடத்தில் பூசை நடந்து வந்தது. அவர்தான் பிரித்தார்: நகரின் தெற்கே வானம், வடக்கே நிலம். சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் போய்ப் படம் எடுக்கும் தியன்தான், வானத்தின் பீடம், வட்டம். இது சதுரம். வானம் வட்டம், நிலம் சதுரம் என்பது பழைய சீனக் கணக்கு. அங்கே ஒன்பது, ஒன்பதாகக் கல் பதித்திருக்கும். இங்கே எல்லாம் இரட்டைப்படை. படிகள்கூட ஒவ்வொரு பக்கமும் எட்டு. ஒற்றைப்படை ஆண், இரட்டைப்படை பெண். பீடத்தைச் சுற்றி அகழிபோல் ஒரு வாய்க்கால்.

கோடையில் பகல் மிக நீளமான நாளில் பேரரசர் இங்கே வந்து வணங்குவார். வானத்துக்குக் கொடுப்பதை எரிப்பார்கள், புகை மேலே போகும். நிலத்துக்குக் கொடுப்பதைப் புதைப்பார்கள். யோசித்துப் பார்த்தால் அஞ்சல் அனுப்புவது மாதிரிதான், முகவரிக்கு ஏற்ற வழி.

ஆனால் அந்தச் சதுரத்தின் நடுவில் நின்றபோது எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. சிலை கிடையாது, ஒருபோதும் இருந்ததும் இல்லை. பெயர் எழுதிய ஒரு பலகையைக் கொண்டுவந்து வைத்து, வணங்கி, எடுத்துப்போய்விடுவார்கள். அரசாங்கத்து நிலத்தாய்க்கு முகம் இல்லை. வெறும் கல்தளம், மேலே வானம், காற்றில் மிதக்கிற பஞ்சு. ஏப்ரலில் பெய்ஜிங் முழுக்க இந்த மரப்பஞ்சு பறக்கிறது. தோழி பதினோரு முறை தும்மினாள். எண்ணினேன்.

இரண்டாம் நாள், ஏப்ரல் 16, ஜியேசியூ

பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயில். ஷான்சியின் தலைநகர் தாயுவான் தாண்டியதும் வெளியே நிலத்தின் நிறமே மாறுகிறது. மஞ்சள் என்றால் மாம்பழ மஞ்சள் இல்லை, மாவு சலித்துக் கொட்டியதுபோல ஒரு வெளிறிய மஞ்சள். பல லட்சம் ஆண்டுகளாகக் காற்று கொண்டுவந்து சேர்த்த தூசிமண் இது. இதைக் கரைத்துக் குடித்துத்தான் அந்த ஆற்றுக்கு மஞ்சள் ஆறு என்று பெயர். கத்தியால் வெட்டினால் சுவர்போல் நிற்கும், மழை பெய்தால் கஞ்சிபோல் வழியும். இந்த மண்ணைக் கும்பிடாமல் இங்கே யாரும் பிழைத்திருக்க முடியாது.

ரயிலில் தோழி சொன்ன கதை. தூதிகோங்குக்கு ஒரு மனைவி உண்டு, தூதிபோ. ஆனால் பல கோயில்களில் தாத்தா மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பார். ஏன்? தாத்தா நல்லவர், உலகத்தில் எல்லாரும் பணக்காரராக இருக்கட்டும் என்று வரம் கொடுக்கப் பார்த்தார். பாட்டி தடுத்துவிட்டாள். "எல்லாரும் பணக்காரன்னா, நம்ம பொண்ணு கல்யாணத்துக்குப் பல்லக்கு தூக்க யார் வருவா?" அன்றிலிருந்து உலகத்தில் ஏழை இருப்பதற்குக் காரணம் அவள்தான் என்று ஜனங்களுக்குக் கோபம், அவளுக்கு விளக்கு வைப்பதில்லை.

"அப்ப ஹௌதூவுக்கு மட்டும் எப்படி இவ்வளவு மரியாதை?" என்றேன்.

"அவ மகாராணி. இவ மாமியார்" என்றாள் தோழி.

இந்தப் பதிலில் உள்ள வேடிக்கை என்னவென்றால், ஹௌதூ ஆரம்பத்தில் மகாராணி இல்லை. பெண்ணே இல்லை. மிகப் பழைய நூல்களில் ஹௌதூ என்பது ஒரு பதவி, நிலத்துக்கான தலைமை அதிகாரி. அந்தப் பதவியில் இருந்தவன் பெயர் கோவ்லோங். அவன் அப்பா கோங்கோங் ஒரு முரடன். பதவிச் சண்டையில் தோற்று, ஆத்திரத்தில் வானத்தைத் தாங்கும் மலையைத் தலையால் முட்டி உடைத்தான். வானம் வடமேற்கே சாய்ந்தது, நிலம் தென்கிழக்கே இறங்கியது. அதனால்தான் சீனத்து ஆறுகள் கிழக்கு நோக்கி ஓடுகின்றன என்று கதை. அப்பன் கெடுத்த நிலத்தை மகன் ஒழுங்குபடுத்தினான், பழைய சீனத்தின் ஒன்பது பகுதிகளையும் சமன்செய்தான். செத்த பிறகு சாமியானான்.

அப்புறம் எப்படிப் பெண்ணானது? ஒன்று, தத்துவம்: வானம் ஆண் என்றால் நிலம் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 'ஹௌ' என்ற எழுத்துக்குப் பழங்காலத்தில் அரசன் என்று பொருள். பிறகு காலப்போக்கில் அதே எழுத்து அரசனின் மனைவியைக் குறிக்க ஆரம்பித்தது. எழுத்து அப்படியே இருக்க, உள்ளே இருந்த ராஜா இறங்கி ராணி ஏறிவிட்டாள். பூசாரிகளும் பண்டிதர்களும் விவாதம் செய்து மாற்றியதைவிட, ஜனங்களின் நாக்கு மாற்றியது அதிகம் இருக்கும் என்பது என் எண்ணம்.

ஜியேசியூ சின்ன நகரம். பக்கத்து ஊர் பிங்யாவ் உலகப் பாரம்பரியச் சின்னம் என்பதால் கூட்டமெல்லாம் அங்கே போய்விடுகிறது. இங்குள்ள ஹௌதூ கோயிலில் மொத்தம் பத்துப் பேர் இருந்தோம். கோயிலின் பெருமை கூரை. இந்த ஊர் மெருகோடுகளுக்குப் பேர்போனது. மஞ்சள், பச்சை, மயில்நீலம் என்று கூரை முகடு முழுக்கப் பூவும் பறவைநாகமும் யானையும் சின்னச் சின்ன மாளிகைகளுமாக மண்ணில் செய்து, மெருகு பூசிச் சுட்டு வைத்திருக்கிறார்கள். வெயில் சாயும்போது ஈரமாக இருப்பதுபோல் மின்னுகிறது. நிலத்தாய்க்கு மண்ணாலேயே நகை செய்து போட்ட ஊர்.

ஒரு கட்டடம் முன்பக்கம் தாவோ மதச் சாமிகளுக்கான மாடம், பின்பக்கம் கூத்து மேடை. மேடை ஹௌதூ சந்நிதியைப் பார்த்து நிற்கிறது. கூத்து நமக்கு இல்லை, அவளுக்கு. நாம் இடையில் உட்கார்ந்து ஓசியில் பார்க்கலாம். திருவிழாவில் இதேபோல் மேடையில் ஆட்டம் நடக்கும் என்று நான் தோழிக்கு ஆசை காட்டிக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் நாள், ஏப்ரல் 17, யுன்செங்

இன்றைக்கு எழுதவே பிடிக்கவில்லை.

மதியம் யுன்செங் வந்து சேர்ந்தோம். நாளைக்கு வண்டி பேசுவதற்காகத் தோழி ஒரு ஓட்டுநருக்கு ஃபோன் செய்தாள். ஒரு நிமிடம் பேசினாள். பிறகு ஃபோனை மூடாமலே என்னைப் பார்த்தாள். நாற்பது ஆண்டுக்கும் மேலான பழக்கத்தில் அந்தப் பார்வையை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

"மூணாம் மாசம் பதினெட்டு என்னைக்குன்னு பாத்த?"

"வெள்ளிக்கிழமை. ஏப்ரல் 18."

"மூணாம் மாசம் மார்ச் 29லயே பொறந்துடுச்சு. பதினெட்டு வந்தது செவ்வாய்க்கிழமை."

சீனத்து மூன்றாம் மாதம் என்றால் ஏப்ரல் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை என்றால் நாங்கள் பெய்ஜிங்கில் வெறும் கல்தளத்தைச் சுற்றிக்கொண்டிருந்த நாள். அவள் பிறந்தநாளன்று, அவள் முகம் இல்லாத ஒரே இடத்தில் போய் நின்றிருக்கிறோம்.

இரவு உணவு: கத்தியால் சீவிப்போட்ட நூடுல்ஸ், மேலே கறுப்புக் காடி தாராளமாக. ஷான்சிக்காரர்கள் காடியைக் குழம்புபோல் ஊற்றிக்கொள்கிறார்கள். தோழி பேசாமல் சாப்பிட்டாள். கடைசியில், "சரி விடு, கூட்டமில்லாம பாக்கலாம்" என்றாள். அவள் முட்டி வீங்கியிருக்கிறது.

நான்காம் நாள், ஏப்ரல் 18, வான்ரோங்

யுன்செங்கிலிருந்து வண்டியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். இரு பக்கமும் ஆப்பிள் தோட்டங்கள். ஓட்டுநர் வழியெல்லாம் சிரித்துச் சிரித்துப் பேசினார். வான்ரோங்காரர்கள் குதர்க்க நகைச்சுவைக்குச் சீனா முழுக்கப் பெயர் பெற்றவர்களாம், 'வான்ரோங் சிரிப்பு' என்றே தனி வகை. திருவிழாவுக்கு மூன்று நாள் தாமதமாகத் தமிழச்சி ஒருத்தி வந்த கதை இந்நேரம் அதில் சேர்ந்திருக்கும்.

கோயில் இருக்கும் ஊரின் பெயர் மியாவ்சியன், கோயில்முன் என்று அர்த்தம். ஊருக்குப் பெயரே அவளால்தான். ஃபென் ஆறு மஞ்சள் ஆற்றில் சேரும் இடத்துக்குப் பக்கம். பழைய பெயர் ஃபென்யின். இங்கே ஒரு மண்மேடு இருந்தது. அதை 'ஷுய்' என்றார்கள். மனிதனின் பின்புறம்போல் எழும்பி நின்றதால் அந்தப் பெயர் என்று பழைய உரைகாரர்கள் கூச்சமில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். சீனப் பேரரசர்கள் தலைநகரிலிருந்து வந்து விழுந்து கும்பிட்ட இடம் அதுதான்.

முதலில் வந்த பெரிய ஆள் ஹான் வம்சத்து வூ பேரரசர், கி.மு. 113இல். வானத்துக்குப் பூசை செய்கிறோம், நிலத்துக்குச் செய்யவில்லையே, இது முறையில்லையே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் ஸிமா தான், பின்னாளில் சீனாவின் பெரிய வரலாற்றாசிரியராக ஆன ஸிமா சியனின் அப்பா. ஐந்து பீடம், பீடத்துக்கு ஒரு மஞ்சள் கன்று, பூசை முடிந்ததும் எல்லாவற்றையும் புதைத்துவிட வேண்டும், உடன் நிற்பவர்கள் மஞ்சள் உடுத்த வேண்டும் என்று சொன்னார்கள். அப்படியே நடந்தது.

ஆனால் பேரரசர் இங்கே எதையும் புதிதாக உண்டாக்கவில்லை என்பது அடுத்த சம்பவத்தில் தெரிந்துவிடுகிறது. அந்தக் கோடையில் ஜின் என்ற ஓர் உள்ளூர்ப் பூசாரி, சாமியாடி வகை, ஊர் மக்களுக்காக இதே மேட்டில் நிலத்தாய்க்குப் பூசை செய்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் மண் கொக்கிபோல் வளைந்து கிடப்பதைப் பார்த்துத் தோண்டினார். பெரிய வெண்கலக் கொப்பரை ஒன்று கிடைத்தது. இந்தக் கொப்பரைக்கு 'திங்' என்று பெயர், அரசுரிமையின் அடையாளம். அரண்மனை ஒரே கொண்டாட்டம். அந்த ஆண்டுத் தொடருக்கே 'முதல் கொப்பரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பூசாரி மேல்தான் கண். ஊர்க்காரர்களுக்காக அவர் தம் பாட்டில் பூசை செய்திருக்கிறார் பாருங்கள். அரசர் வந்து போகிற விருந்தாளி.

கோயில் வாசலே மேடை. அதன் கீழே நுழைந்து உள்ளே போனால் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, நாம் வந்த வழிக்கு மேலே கூத்து மேடை. கொஞ்சம் தள்ளி இரண்டு மேடைகள் பக்கத்தில் பக்கத்தில். மூன்றையும் சேர்த்து மேலிருந்து பார்த்தால் 'பின்' என்ற சீன எழுத்து மாதிரி, மூன்று பெட்டி அடுக்கியது போல இருக்கும். மூன்றிலும் ஒரே நேரத்தில் மூன்று குழுக்கள் ஆடினால் யார் பக்கம் கூட்டம் சாய்கிறது என்று போட்டி. சாமிக்கு மூன்று சேனல். இன்று மூன்றும் காலி. ஒரு மேடை ஓரத்தில் செருப்பைத் தலைக்கு வைத்து ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். புல்லுக்குள் பட்டாசின் சிவப்புத் தாள் துணுக்குகள் இன்னும் கிடந்தன. தோழி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள், ஒன்றும் சொல்லாமல்.

சந்நிதியில், கடைசியாக, முகம். நிறைந்த வட்ட முகம், கிரீடம், மேலே மேலே போர்த்திய துணிகள், முன்னால் பழமும் ரொட்டியும். பெய்ஜிங்கில் வராத கும்பிடு இங்கே தானாக வந்தது. ஊதுபத்தி மேசையில் இருந்த அம்மாள் எங்களைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், இந்த அம்மா ஏன் இவ்வளவு கறுப்பு. இங்கே பெரும்பாலும் பிள்ளை வரம் கேட்டுத்தான் வருவார்கள் என்றார். தைவானிலிருந்துகூடக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். இவள்தான் நியூவா, மனிதரை உண்டாக்கியவள் என்பது ஊர் நம்பிக்கை. நியூவா கதை வேறு மரபு. ஆனால் இந்த மண்ணில் நின்றால் இரண்டும் ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை. மஞ்சள் மண்ணைப் பிசைந்து பிசைந்து அவள் மனிதரைச் செய்தாள். கை வலித்தது. ஒரு கயிற்றைச் சேற்றில் முக்கி உதறினாள். தெறித்த துளியெல்லாம் மனிதர் ஆயின. கையால் பிசைந்தவர்கள் பெரிய மனிதர்கள், கயிற்றில் தெறித்தவர்கள் நாம்.

பிள்ளை வரம் என்றதும் எனக்கு ஒரு பேரரசர் ஞாபகம் வந்தார். ஹான் வம்சத்து செங் பேரரசர். கி.மு. 31 வாக்கில் அவருடைய அமைச்சர் குவாங் ஹெங், இவ்வளவு தூரம் ஆறு தாண்டிப் போவது ஆபத்து, செலவு, ஜனங்களுக்குத் தொல்லை, பேசாமல் தலைநகருக்கு வடக்கிலேயே ஒரு பீடம் கட்டிக்கொள்வோம் என்று கணக்குச் சொன்னார். நியாயமான கணக்குதான். மாற்றினார்கள். ஆண்டுகள் போயின, பேரரசருக்கு வாரிசு இல்லை. கி.மு. 14இல் தாய் மகாராணி உத்தரவு போட்டுப் பூசையைத் திரும்ப ஃபென்யினுக்கே கொண்டுவந்தார். அப்படியும் வாரிசு பிறக்கவில்லை. கி.மு. 7இல் பேரரசர் இறந்ததும் அதே தாய் மகாராணி பூசையைத் தலைநகருக்கே திருப்பிக்கொண்டு போய்விட்டார். இரண்டாயிரம் ஆண்டு கழித்து, வரம் பலிக்காத கோபத்தில் சாமி படத்தைத் திருப்பி வைத்த என் அத்தையின் முகம் எனக்குத் தெரிந்தது.

அதைவிட நல்ல கதை தாங் வம்ச காலத்தில். அப்போதே இங்கே ஹௌதூவுக்குப் பெண் வடிவில் மண்சிலை இருந்தது. சீன வரலாற்றில் சொந்தப் பெயரில் ஆண்ட ஒரே பெண் பேரரசர் வூ ஸெதியன் காலத்தில், ஆற்றுக்கு மேற்கே உள்ள லியாங் மலைச் சாமியின் சிலையை இக்கரைக்குக் கொண்டுவந்து அவளுக்குத் துணையாக உட்கார வைத்தார்கள். தனியாக ஆண்ட பெண்ணின் ஆட்சியில், தனியாக இருந்த தெய்வத்துக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள்! 723இல் சுவான்ஸோங் பேரரசர் வணங்க வந்தபோது அதிகாரிகள் மாப்பிள்ளையைக் கிளப்பி வெளியே ஒரு தனி அறையில் வைத்துவிட்டார்கள். தோழி இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் ஊதுபத்தி அம்மாள் என்னவென்று கேட்டார். சொன்னோம். "நல்லது. அவளுக்கு எதுக்கு?" என்றார்.

1011இல் சோங் வம்சத்து ஜென்ஸோங் வந்து பெரிய பூசை செய்து எழுதிவைத்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அவருக்குப் பின் வந்த ஹுய்ஸோங் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் கொடுத்தார்: வானைத் தாங்கி, அதன் நெறிவழி நின்று, பெருங்குணம் பரப்பும் நிலப்பேரரசி. தாவோ மரபின் உச்சிக்கு அடுத்த படியில் உள்ள நால்வரில் இவள் ஒருத்திதான் பெண்.

நான் அதிக நேரம் நின்றது 1137இல் வெட்டிய ஒரு கல்லின் முன். கோயிலின் வரைபடத்தை அதில் செதுக்கியிருக்கிறார்கள். வாசலுக்குப் பின் வாசல், முற்றத்துக்குப் பின் முற்றம், ஒரு அரண்மனையே. பெய்ஜிங் அரண்மனையை நினைவுபடுத்துகிற அடுக்கு. அந்தக் கோயில் எங்கே என்று கேட்டால் ஊர்க்காரர்கள் ஆற்றைக் கைகாட்டுகிறார்கள். மஞ்சள் ஆறு அதைத் தின்றுவிட்டது. 17ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளம் பெரும்பகுதியைக் கொண்டுபோனது, மறுபடி கட்டினார்கள், மறுபடி போனது. இப்போது நாம் பார்ப்பது 1870இல் மேடான இடத்துக்கு நகர்த்திக் கட்டியது. நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரிக்கு நிலையான மனை கிடைக்கவில்லை. அவள் வீடு மாறிக்கொண்டே இருக்கிறாள். ஆனால் ஒவ்வொரு முறையும் கல்லைச் சுமந்து மேட்டில் ஏற்றியவர்கள் இருந்திருக்கிறார்கள்.

பின்னால் இலையுதிர்காற்று மாடம். மூன்று அடுக்கு, முப்பது மீட்டருக்கு மேல் உயரம். வூ பேரரசர் இங்கே ஆற்றில் படகில் போகும்போது எழுதியதாகச் சொல்லும் பாட்டைக் கல்லில் வெட்டி உள்ளே வைத்திருக்கிறார்கள். காற்று எழுந்தது, இலை உதிர்ந்தது, மேளம் கொட்டுகிறது, துடுப்புப் பாட்டு கேட்கிறது, சந்தோஷம் உச்சத்துக்குப் போனதும் துக்கம் வந்துவிடுகிறது, வயதாகிறதே என்ன செய்வேன் என்கிறார். முதன்முதலில் இங்கே வந்தபோது அவருக்கு வயது 43தான். தோழி கீழேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஏறிப் பார்த்தேன். ஆறு வெகுதூரத்தில், நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத ஒரு மஞ்சள் விரிப்பு. அக்கரை ஷான்சியின் பக்கத்து மாகாணம், மாப்பிள்ளையின் ஊர்.

இறங்கி வந்தபோது தோழி சந்நிதிப் படியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஊதுபத்தி அம்மாள். "முட்டிக்கு வேண்டிக்கச் சொல்றாங்க. பிள்ளை கேக்குற வயசு போச்சுன்னு சொன்னேன்" என்றாள்.

ஐந்தாம் நாள், ஏப்ரல் 19, யுன்செங் ரயில் நிலையம்

நேற்றுத் திரும்பும் வழியில் வயலுக்கு நடுவே கல்லறை மேடுகள் பார்த்தோம். இம்மாதத் தொடக்கத்தில் முன்னோர் வழிபாட்டு நாள் போயிருக்கிறது. மேடுகளின் மேல் தாள்கள் இன்னும் படபடத்தன. பினாங்கில் அதற்கு செங் பெங் என்று பெயர். ஒருமுறை இவள் அப்பா கல்லறைக்கு நானும் போயிருக்கிறேன். அப்பாவைக் கும்பிடப் போனவளைத் தடுத்து, முதலில் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னக் கல்லுக்கு ஊதுபத்தி வைக்கச் சொன்னாள் அவள் அம்மா. அந்தக் கல்லில் இரண்டே எழுத்து. "நிலத்துக்காரங்ககிட்ட முதல்ல சொல்லணும், நம்ம ஆள அவங்கதான பாத்துக்குறாங்க" என்று விளக்கம். அவர்கள் வீட்டில் பேசும் சீனப் பேச்சான ஹொக்கியனில் ஹோ-தோ என்பாள். நேற்றுவரை அந்த ஹோ-தோவும் இந்த ஹௌதூவும் ஒரே எழுத்து என்று எனக்கு உறைக்கவே இல்லை. இவளுக்குத் தெரிந்திருக்கிறது. "இதுகூடத் தெரியாமயா இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்த?" என்கிறாள்.

ரயில் வர இன்னும் இருபது நிமிடம். முட்டி எப்படி என்று கேட்டேன்.

"அப்படியேதான் இருக்கு."

"வேண்டிக்கிட்டியே?"

"நேத்துதான வேண்டினேன். நான் வெளிநாட்டுக்காரி. பினாங்குக் கடைக்குள்ள இருக்கிற நிலச்சாமிகிட்ட விசாரிச்சுட்டுத்தான் அவங்க முடிவெடுப்பாங்க" என்றாள். பிறகு என் பையிலிருந்து தைல பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.